மழலையின் இலக்கணம்



முகலாயப் பேரரசர் அக்பருக்கு ஒருமுறை ஓர் ஐயம் எழுந்தது. மனிதன் பேசும் மொழி அவனுடன் பிறந்ததா, பிறர் பேசக் கேட்டுப் பெற்றதா என்பதே அந்த ஐயம். நமக்கு இத்தகைய ஐயம் எழுந்தால் ஏட்டைப் புரட்டிவிட்டு அமைவோம். அரசர்களின் ஐயம் அவ்வாறு அமைவதில்லை. ஊர் ஓசை எட்டாத ஓரிடத்தில் மாளிகை ஒன்று எழுப்பப்பட்டது. பிறந்து சில நாட்களே ஆன குழந்தைகள் அங்கே கொண்டுவரப்பட்டனர். அவர்களைப் பேணுவதற்குச் செவிலியர் அமர்த்தப்பட்டனர். ஆனால் குழந்தைகளின் எதிரில் ஒரு சொல்லும் பேசலாகாது என்பது அவர்களுக்கு இட்ட ஆணை. ஆண்டுகள் சில சென்றபின் அக்பர் அங்கே சென்று பார்த்தார். குழந்தைகளிடமிருந்து ஒரு சொல்லும் எழவில்லை. இதனை அவருடைய அவைக்களத்து அறிஞர் அபுல் ஃபசல் ‘அக்பர்நாமா’வில் எழுதி வைத்திருக்கிறார். மக்கள் அந்த மாளிகைக்கு ‘ஊமை மாளிகை’ என்று பெயரிட்டனர்.

இதைப் படிக்குந்தோறும் அரசரின் அறிவு வேட்கையைப் புகழ எனக்கு மனம் வருவதில்லை. தாலாட்டு இல்லாமல், பெயர் சொல்லி அழைப்பார் இல்லாமல் வளர்ந்த அக்குழந்தைகளே என் நினைவுக்கு வருகின்றனர். அவர்கள் பின்னர் என்ன ஆயினர் என்று எழுதிவைக்க யாருக்கும் தோன்றவில்லை போலும்!

அந்தக் கொடிய சோதனை நமக்கு ஒன்றைத்தான் சொல்கிறது. மீசை முளைப்பது போலவும் பல் முளைப்பது போலவும் மொழி தானே முளைத்துவிடுவதில்லை. அப்படியானால் மொழி முழுவதும் வெளியிலிருந்து ஊற்றப்படுவதுதான் என்று சிலர் முடிவு கட்டுவர். கிளிப்பிள்ளைக்குச் சொல்லிக் கொடுப்பதுபோல் நாம் சொல்லச் சொல்லக் குழந்தை திருப்பிச் சொல்கிறது, அவ்வளவே என்பர். இம்முடிவுதான் தவறானது. ஏன் தவறானது என்பதே இன்றைய பேச்சு.

ஆசிரியர் பயிற்சி பெற்ற நாளில் நாங்கள் படித்த உளவியல் பாடத்தில் பாவ்லோவின் நாய்க்கும், தார்ன்டைக்கின் பூனைக்கும், ஸ்கின்னரின் புறாவுக்கும் கிடைத்த இடம் குழந்தைக்குக் கிடைத்ததில்லை. சரியான செயலுக்குப் பரிசு கொடு, அச்செயல் பழக்கமாகும் என்பது அப்பாடத்தின் சாரம். இதே கொள்கையை மொழிக்கும் பொருத்தி, அமெரிக்க உளவியல் அறிஞர் பி. எஃப். ஸ்கின்னர் 1957-ஆம் ஆண்டில் ஒரு பெருநூல் வெளியிட்டார். இரண்டே ஆண்டுகளில், 1959-இல், நோம் சோம்ஸ்கி என்னும் இளம் மொழியியலார் அந்நூலுக்கு எழுதிய மதிப்புரை அதன் அடித்தளத்தையே அசைத்துவிட்டது. யாரும் தன்னிடம் சொல்லியிராத வாக்கியத்தைக் குழந்தை நாள்தோறும் சொல்கிறதே, அது எங்கிருந்து வந்தது என்று அவர் வினவினார். மொழிக்கென்றே ஒரு தனித்திறன் மனித மூளையில் பிறவியிலேயே அமைந்திருக்கிறது என்பது அவர் விடை. அந்த விடையை எல்லாரும் ஏற்கவில்லை. அவ்வழக்கு இன்றும் தீரவில்லை. ஆனால் அவர் எழுப்பிய வினாவை ஒதுக்கிவிட்டுச் செல்ல இன்று ஒருவராலும் முடியாது.

அறிஞர் வழக்கை அவர்களிடமே விட்டுவிட்டு நம் வீட்டுத் திண்ணைக்கு வருவோம். என் பேத்தி இரண்டு வயதுக் குழந்தையாக இருந்தபோது, கையிலிருந்த பந்தை எறிந்துவிட்டு, “போட்டேன்” என்பாள். பிழையற்ற சொல். சில மாதங்கள் சென்றன. பேச்சு வளர்ந்தது, வாக்கியம் நீண்டது. அப்போது ஒருநாள், “நான் பந்தைப் போடுனேன்” என்றாள். மறுநாளும் அதுவே. சரியாகச் சொல்லிக்கொண்டிருந்த குழந்தை தவறாகச் சொல்லத் தொடங்கிவிட்டதே என்று வீட்டில் சிலர் கவலைப்பட்டனர். எனக்கோ மகிழ்ச்சி தாங்கவில்லை.

‘போடுனேன்’ என்று எங்கள் வீட்டில் எவரும் சொல்வதில்லை, தெருவிலும் சொல்வதில்லை. ஆகவே அவள் அதைக் கேட்டுப் படியெடுத்திருக்க முடியாது. பின் எங்கே பெற்றாள்? ஓடு என்பதற்கு ஓடுனேன், பாடு என்பதற்குப் பாடுனேன், ஆடு, தேடு, மூடு எல்லாவற்றிற்கும் அவ்வாறே. இவற்றையெல்லாம் கேட்ட குழந்தை, இறந்த காலத்தைக் காட்ட இங்கே ஏதோ ஒன்று நடுவில் வந்து நிற்கிறது என்று கண்டுகொண்டது. நீங்கள் வகுப்பில் படிக்கிறீர்கள் அல்லவா, த், ட், ற், இன் என்னும் நான்கும் இறந்தகால இடைநிலைகள் என்று நன்னூலார் வகுத்திருக்கிறார் என்பதை? அந்த நான்கில் ‘இன்’ என்பதை நன்னூலின் பெயரையும் அறியாத குழந்தை தானே பிரித்தெடுத்துக்கொண்டது. பிரித்ததோடு நிற்கவில்லை. போடு என்னும் பகுதியோடு அதைச் சேர்த்து, ஏன் என்னும் விகுதியையும் கூட்டி, ஒரு புதுச் சொல்லைக் கட்டியது. போடு என்பது இடைநிலை ஏலாமல் தன் ஒற்றை இரட்டித்துக்கொண்டு காலம் காட்டும் விலக்கு என்பதை அது இன்னும் அறியவில்லை, அவ்வளவுதான். முன்பு அவள் சொன்ன ‘போட்டேன்’ கேட்டு ஒப்பித்தது; இப்போது சொன்ன ‘போடுனேன்’ அறிந்து ஆக்கியது. இரண்டில் எது உயர்ந்தது?

ஆங்கிலக் குழந்தைகளிடமும் இதே போக்கைக் கண்டு எழுதியிருக்கிறார்கள். ‘வென்ட்’ என்று முதலில் சரியாகச் சொல்லும் குழந்தை, பின்பு ‘கோட்’ என்று ‘கோ’வோடு ‘எட்’ விகுதி கூட்டிச் சொல்லி, நெடுநாள் கழித்து மீண்டும் ‘வென்ட்’டுக்கு வந்து சேர்கிறது.

இது விதியறிவே, நினைவாற்றலின் விளையாட்டு அன்று என்பதைச் சோதித்துக் காட்டியவர் ஜீன் பெர்க்கோ என்னும் அம்மையார். 1958-ஆம் ஆண்டில் அவர் வெளியிட்ட ஆய்வு மிக எளியது. பறவை போன்ற ஓர் உருவத்தை வரைந்து, இது ஒரு ‘வக்’ என்று குழந்தைகளிடம் சொன்னார். அப்படி ஒரு சொல் ஆங்கிலத்தில் இல்லை, அவர் புனைந்தது. பிறகு அதேபோன்ற இரண்டு உருவங்களைக் காட்டி, இப்போது இங்கே இருப்பவை யாவை என்று கேட்டார். ஆங்கிலப் பன்மை விகுதியைச் சேர்த்து ‘வக்ஸ்’ என்று பாலர் பள்ளிக் குழந்தைகளில் பெரும்பாலோர் விடை சொன்னார்கள். உலகில் இல்லாத சொல்லின் பன்மையை எவரிடம் கேட்டு அவர்கள் மனப்பாடம் செய்திருக்க முடியும்?

நீங்களும் இதைத் தமிழில் செய்து பார்க்கலாம். நான்கைந்து வயதுத் தம்பியையோ தங்கையையோ அழைத்து, “இந்தப் பையன் தினமும் கிமுலுகிறான், நேற்றும் அதையே செய்தான். நேற்று அவன் என்ன செய்தான்?” என்று கேளுங்கள். கிமுலுதல் என்றால் என்ன என்று எனக்கும் தெரியாது. இந்த வானொலிக்காக இப்போது பிறந்த சொல். ஆனால் அதன் இறந்தகாலம் உங்கள் நாவில் இந்நேரம் எழுந்திருக்குமே!

அப்படியானால் பெற்றோர் திருத்துவதில்லையா என்று கேட்பீர்கள். திருத்துகிறார்கள், ஆனால் எதைத் திருத்துகிறார்கள் என்று பாருங்கள். ஆட்டைப் பார்த்து ‘மாடு’ என்றால் தாய், “இல்லை கண்ணு, அது ஆடு” என்பாள். அதே குழந்தை மாட்டையே காட்டி, “மாடு வந்தான்” என்றால், “ஆமாம், மாடு வந்துச்சு!” என்று மகிழ்வாள். திணை வழு அவள் காதில் விழுவதில்லை. செய்தி உண்மையானால் போதும். ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தில் ரோஜர் பிரௌன் என்னும் உளவியலார் மூன்று குழந்தைகளின் வீட்டுப் பேச்சைத் தொடர்ந்து பதிவு செய்து ஆராய்ந்தவர். அப்பதிவுகளைக் கொண்டு அவரும் ஹான்லன் என்பவரும் 1970-இல் வெளியிட்ட கட்டுரையில் கண்டதும் இதுவே: பெற்றோரின் ஒப்புதலும் மறுப்பும் பொருளின் மெய்பொய்யைச் சார்ந்திருந்தன, இலக்கணத்தைச் சார்ந்திருக்கவில்லை. எனினும் ஐந்து வயதுக்குள் குழந்தை பெரும்பாலும் வழுவின்றிப் பேசத் தலைப்படுகிறது. திருத்துவாரின்றித் திருந்தும் மாணவனை நான் பள்ளிக்கூடத்தில் அதிகம் கண்டதில்லை. தொட்டிலில் இருப்பவர் எல்லாரும் அத்தகையவரே.

வலிந்து திருத்தினாலும் அது காதில் ஏறுவதில்லை. அடுத்த வீட்டுக் குழந்தை ஒன்று வாழைப்பழத்தைப் ‘பயம்’ என்று சொல்லும். ‘ழ’ அதன் நாவுக்கு இன்னும் எட்டவில்லை. அதன் மாமன் விளையாட்டாக, “பயம் வேணுமா?” என்று கேட்டார். குழந்தைக்குச் சினம் வந்துவிட்டது. “பயம் இல்ல! பயம்!” என்று காலை உதைத்தது. “பழமா?” என்றார். “ஆமா, பயம்” என்று அமைதியடைந்தது. ஆங்கிலக் குழந்தை ஒன்று ‘ஃபிஷ்’ என்னும் சொல்லை வைத்து இவ்வாறே சண்டையிட்டதை பெர்க்கோவும் பிரௌனும் 1960-இல் எழுதியிருக்கிறார்கள். நாவு அறியாததைச் செவி அறிந்திருக்கிறது. பேச்சைக் கொண்டு மட்டும் குழந்தையின் மொழியறிவை அளப்பவர் பாதிக் கிணற்றை அளந்தவர் ஆவர்.

செவியின் அறிவு மிக முன்னதாகவே தொடங்குகிறது. பிறந்து மூன்று நாள் ஆகாத குழந்தைகள் பிற பெண்களின் குரலைவிடத் தம் தாயின் குரலை விரும்பிக் கேட்கின்றன என்பதை 1980-ஆம் ஆண்டு ஆய்வொன்று காட்டியது. கருப்பையின் இருளில் அவை பாடம் கேட்கத் தொடங்கிவிட்டன.

அந்தப் பாடத்தின் அருமையை உணர வேண்டுமானால் ஓர் ஓலைச்சுவடியை நினைத்துப் பாருங்கள். சொல்லுக்கும் சொல்லுக்கும் இடையில் வெளி இராது. மெய்யெழுத்துக்குப் புள்ளி இராது. எகர ஏகார வேறுபாடு தெரியாது. 1887-இல் சீவக சிந்தாமணியை அச்சிட்ட உ. வே. சாமிநாதையர் எத்தகைய வெள்ளத்தில் நீந்திக் கரை கண்டார் என்பதைச் சுவடியைக் கையில் எடுத்தவரே அறிவர். நாம் பேசும் பேச்சும் அத்தகைய சுவடிதான். எழுத்தில் இடம் விடுகிறோமே தவிர, பேச்சில் சொற்களுக்கு நடுவே நாம் நிறுத்துவதில்லை. தெரியாத மொழியைக் கேட்டால் அது ஒரே நீரோட்டமாகத் தோன்றுவதன் காரணம் இதுவே. அந்த நீரோட்டத்தில் சொல் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று குழந்தைக்கு யார் கோடு போட்டுக் காட்டினார்?

ஜெனி சஃப்ரான் முதலிய மூவர் 1996-இல் இதற்கு ஒரு விடை கண்டனர். பிடாகு, படோடி, கோலாபு என்பன போன்ற பொருளற்ற சொற்களை இடைவெளியின்றித் தொடுத்து, ஏற்ற இறக்கமும் இன்றி, இரண்டே நிமிடங்கள் எட்டு மாதக் குழந்தைகளுக்கு ஒலிக்கச் செய்தனர். ‘பி’ வந்தால் அடுத்து எப்போதும் ‘டா’ வரும். ஆனால் ‘கு’வுக்குப் பின் எது வரும் என்று சொல்ல முடியாது. ஆகவே ‘கு’வில் ஒரு சொல் முடிகிறது. இரண்டு நிமிடங்களில் குழந்தைகள் இந்தக் கணக்கைப் போட்டுவிட்டன. பின்னர்ச் சொற்களைத் தனியே ஒலித்தபோது ஒருவகையாகவும், ஒரு சொல்லின் வாலையும் மற்றொன்றின் தலையையும் ஒட்டி ஒலித்தபோது வேறுவகையாகவும் அவை செவி சாய்த்ததைக் கொண்டு இது புலனாயிற்று. எண்ணத் தெரியாத வயதில் எத்தனை நுட்பமான எண்ணிக்கை!

செவி இவ்வாறு கூர்மை பெறும்போதே ஒன்றை இழக்கவும் செய்கிறது. பத்து, பட்டு என்னும் இரண்டையும் வேறுபடுத்துவதில் நமக்கு ஏதேனும் தொல்லை உண்டா? ஆங்கிலம் மட்டும் அறிந்தவர்க்குத் தொல்லை உண்டு. பல்லைத் தொடும் தகரமும் நாவை மடித்து ஒலிக்கும் டகரமும் அவர்கள் செவிக்கு ஒன்றாகவே படும். இவ்விரண்டு ஒலிகளும் இந்தியிலும் உண்டு. கனடா நாட்டில் ஜேனட் வெர்க்கர் என்னும் அம்மையார், ஆங்கிலம் பேசும் வீட்டுக் குழந்தைகளுக்கு இந்தியின் இவ்வொலிகளைக் கேட்பித்தார். ஒலி மாறும்போது தலையைத் திருப்பினால் ஒரு பொம்மை ஒளிவிட்டு ஆடும். ஆறு முதல் எட்டு மாதக் குழந்தைகளில் பெரும்பாலானவை வேறுபாட்டை உணர்ந்து திரும்பின. பத்து முதல் பன்னிரண்டு மாதக் குழந்தைகளில் மிகச் சிலவே திரும்பின. இந்த ஆய்வு 1984-இல் வெளிவந்தது. ஓராண்டு நிறைவதற்குள் குழந்தை, தன் வீட்டுக்கு வேண்டாத வேறுபாடுகளைப் புறக்கணிக்கக் கற்றுவிடுகிறது. லகர, ளகர, ழகரங்களை நம்மவருட் பலர் ஒன்றாக்கிப் பேசும் வீட்டில் வளரும் குழந்தை எதைப் புறக்கணிக்கக் கற்கும் என்பதை நீங்களே எண்ணிக்கொள்ளுங்கள். நான் தமிழாசிரியர்களின் வயிற்றெரிச்சலைக் கிளற விரும்பவில்லை.

சரி, காதில் ஒலி விழுந்தாற் போதும் என்றால், ஒரு வானொலிப் பெட்டியைத் தொட்டிலருகே வைத்துவிடலாமே! இங்கே ஒரு வேடிக்கை. வானொலி நிலையத்தில் அமர்ந்துகொண்டே, வானொலியால் ஆகாத ஒன்றை நான் சொல்ல வேண்டியிருக்கிறது. அமெரிக்காவின் சியாட்டில் நகரில் பட்ரீசியா கூல் என்பவரும் அவர் துணைவரும் 2003-இல் வெளியிட்ட ஆய்வில், ஒன்பது மாத அமெரிக்கக் குழந்தைகளுக்குச் சீன மொழியைக் கேட்கச் செய்தனர். ஒரு குழுவுடன் சீன மொழியினர் நேரில் அமர்ந்து, முகம் பார்த்து, பொம்மை காட்டி, கதை படித்துப் பேசினர். முறைக்கு இருபத்தைந்து நிமிடமாகப் பன்னிரண்டு முறை. மற்றக் குழுக்களுக்கு அதே மனிதர், அதே பேச்சு, அதே கால அளவு. ஆனால் தொலைக்காட்சித் திரையிலும் ஒலிப்பதிவிலும். நேரில் பழகிய குழந்தைகள் சீன ஒலிகளின் வேறுபாட்டை அறிந்தன. திரையைப் பார்த்தவையும் ஒலிப்பதிவைக் கேட்டவையும் ஒன்றும் அறியவில்லை. சோறூட்டும்போது குழந்தையின் கையில் செல்பேசியைக் கொடுத்துவிட்டால் அது தமிழும் ஆங்கிலமும் தானே பயிலும் என்று எண்ணும் இளந்தாய்மார்க்கு இந்த ஆய்வை நீங்கள் எடுத்துச் சொல்லலாம். நிலாவைக் காட்டிச் சோறூட்டிய பாட்டி வாயை மூடாமல் பேசிக்கொண்டிருந்தாள் என்பதும் நினைவிருக்கட்டும்.

இனி, இந்த நூற்றாண்டுக்குச் சற்று முன்பு நடந்த ஒரு பெருநிகழ்ச்சியைச் சொல்கிறேன். அக்பர் கேட்ட வினாவுக்கு அவர் எதிர்பாராத திசையிலிருந்து வந்த விடை அது.

நடு அமெரிக்காவில் நிகராகுவா என்று ஒரு சிறு நாடு உண்டு. அங்கே 1970-களுக்கு முன் காது கேளாத குழந்தைகள் ஒருவரையொருவர் அறியாமல் தத்தம் வீடுகளிலேயே வளர்ந்து வந்தனர். பசித்தால் வயிற்றைத் தொடுவது, தூக்கத்துக்குக் கன்னத்தில் கை வைப்பது என்று ஒவ்வொரு வீட்டுக்கும் சில சைகைகள், அவ்வளவே. 1977-இல் தலைநகரான மனாகுவாவில் அவர்களுக்கென ஒரு பள்ளி தொடங்கியது. 1979-இல் ஆட்சி மாற்றம் நிகழ்ந்தது. அடுத்த ஆண்டு தொழிற்பள்ளி ஒன்றும் திறக்கப்பட்டது. 1983-க்குள் இரண்டிலும் சேர்ந்து நானூறு பேருக்கு மேல் பயின்றனர். ஆசிரியர்கள் உதட்டசைவைப் பார்த்து ஸ்பானிய மொழியை அறியும் பயிற்சியை அவர்களுக்குக் கொடுத்தனர். பயன் சிறிதே. கைமொழி எதனையும் எவரும் கற்பிக்கவில்லை, ஆசிரியர்க்கே தெரியாது.

ஆனால் பள்ளிப் பேருந்திலும் விளையாட்டு வெளியிலும் குழந்தைகளின் கைகள் ஓயவில்லை. ஒருவன் வீட்டுச் சைகை மற்றொருவனுக்குப் பொதுவாயிற்று. சைகைகள் பெருகின, பொது முறை ஒன்று உருவாகத் தொடங்கியது. ஆசிரியர்களுக்குத் தம் மாணவர் பேசிக்கொள்வது விளங்கவில்லை! கல்வி அமைச்சகம் 1986-இல் அமெரிக்க மொழியியலார் ஜூடி கெகல் என்பவரை அழைத்து, இஃது என்ன என்று பார்க்கச் சொன்னது. அவர் கண்டது வியப்பானது. முதலில் வந்து சேர்ந்த பெரிய பிள்ளைகளின் கையாட்டம் எளிமையாக இருந்தது. பின்னால் வந்த சிறு குழந்தைகளின் கைகளிலோ இலக்கணம் இருந்தது. மூத்தோரிடம் கற்ற இளையோர் மூத்தோரை விஞ்சிவிட்டனர்.

எப்படி விஞ்சினர் என்பதை ஆன் செங்காஸ் முதலியோர் 2004-இல் தெளிவாக்கினர். ஒரு பூனை உருண்டு கீழே இறங்கும் சித்திரப் படத்தைக் காட்டி, கண்டதைச் சொல்லச் செய்தனர். ஸ்பானிய மொழி பேசுவோர் பேச்சினூடே கையசைக்கும்போது, கையைச் சுழற்றிக்கொண்டே கீழிறக்குவர். உருள்வதும் இறங்குவதும் ஒரே அசைவில் அடங்கும். முதல் தலைமுறைக் கைமொழியாளர் பெரும்பாலும் அவ்வாறே செய்தனர். பின்வந்த குழந்தைகள் அதை இரண்டாகப் பிரித்தனர்: முதலில் உருளுதல், அடுத்து இறங்குதல். படம் வரைவதாக எண்ணினால் இது பின்னடைவு. உண்மையில் பூனை உருண்டு முடித்து, பிறகு இறங்கவில்லையே! ஆனால் மொழியாக எண்ணிப் பாருங்கள். பிரித்துவிட்டால் உருளுதலை வேறு எதனுடனும் சேர்க்கலாம். இறங்குதலையும் வேறு எதனுடனும் சேர்க்கலாம். பத்துச் சொல்லால் நூறு செய்தி சொல்லலாம். போடு என்பதிலிருந்து காலத்தையும் இடத்தையும் தனித்தனியே கழற்றி மாட்டிய என் பேத்தி செய்ததும், மனாகுவாக் குழந்தைகள் செய்ததும் ஒரே தொழில். ஒரு வேறுபாடு உண்டு. அவளுக்குப் பிரிப்பதற்கு ஒரு பழைய மொழி இருந்தது. அவர்களுக்கு அரைகுறைச் சைகைகளே இருந்தன. அவற்றைக்கூடப் பிரித்து ஒரு மொழியாகக் கட்டினார்கள்.

அக்பரின் மாளிகையில் செவிலியர் இருந்தும் மொழி பிறக்கவில்லை. மனாகுவாவில் கற்பிப்பார் இல்லாமலே பிறந்தது. இங்கே உறவாடத் துடிக்கும் பலர் கூடினர். ஆண்டுதோறும் புதிய சிறுவர் வந்து கலந்தனர். அவர்களைப் பேசாதே என்று தடுக்க எவரும் இல்லை.

கைமொழியைச் சைகை விளையாட்டு என்று எண்ணி அறிஞர்களே இழிவாக நடத்திய காலம் ஒன்று உண்டு. 1880-இல் இத்தாலியின் மிலான் நகரில் கூடிய காது கேளாதோர் கல்வி மாநாடு, பள்ளிகளில் வாய்ப்பேச்சே கற்பிக்கப்பட வேண்டும், கைமொழி கூடாது என்று தீர்மானித்தது. பல நாடுகளில் குழந்தைகளின் கைகள் கட்டுண்டன. 1960-இல் வாஷிங்டனில் வில்லியம் ஸ்டோக்கி, அமெரிக்கக் கைமொழிக்கும் ஒலிமொழிகளைப் போலவே உறுப்புகளும் அமைப்பும் உண்டு என்று நிறுவிய பிறகே அறிஞருலகம் மெல்லத் திரும்பியது.

இதில் காலம் என்பது பெரும் பொருள். எலிசா நியூபோர்ட் என்னும் அம்மையார் 1990-இல் வெளியிட்ட ஆய்வில், காது கேளாத முதியோர் மூவகையினரை ஒப்பிட்டார்: பிறந்தது முதல் கைமொழி கண்டவர், நான்கு முதல் ஆறு வயதுக்குள் கண்டவர், பன்னிரண்டு வயதுக்குப் பின் கண்டவர். எல்லாரும் முப்பது ஆண்டுகளுக்கு மேல் அம்மொழியிலேயே வாழ்ந்தவர்கள். எனினும் சொல்லமைப்பின் நுட்பங்களில் முதல் வகையினர் முன்னும், கடைசி வகையினர் பின்னும் நின்றனர். முப்பது ஆண்டுப் பழக்கமும் முதல் சில ஆண்டுகளின் இழப்பை ஈடுசெய்யவில்லை. நீங்கள் இதைக் கேட்டு, பன்னிரண்டு வயதுக்குமேல் ஆங்கிலமோ வேறு மொழியோ படித்துப் பயனில்லை என்று புத்தகத்தை மூடிவிட வேண்டா. உங்களுக்குத் தாய்மொழி என்னும் அடித்தளம் ஒன்று முன்னமே அமைந்துவிட்டது; அதன்மேல் எத்தனை மாடியும் எழுப்பலாம். நான் சொல்வது அடித்தளமே இல்லாதவரைப் பற்றி.

அத்தகைய ஒருவனை எனக்குத் தெரியும். ஒரு சிற்றூர்ப் பள்ளியில் நான் தலைமையாசிரியனாக இருந்தபோது, ஒன்பது வயதுச் சிறுவன் ஒருவனை அவன் தந்தை அழைத்து வந்தார். பிறவியிலேயே காது கேளாதவன். புளியங்கொட்டைகளை வைத்துக் கூட்டலும் கழித்தலும் காட்டினால் உடனே செய்வான். கபடியில் அவனைப் பிடிப்பது அரிது. அறிவில் குறை இல்லை. ஆனால் அவனிடம், நாளை பள்ளி விடுமுறை என்று சொல்ல எங்களுக்கு வழி இல்லை. ‘நாளை’ என்பதை எதைக் காட்டிச் சொல்வது? ஒவ்வொரு விடுமுறை நாளன்றும் அவன் சீருடை அணிந்து, பூட்டிய வாயிலின்முன் வந்து நிற்பான். காவலர் கையை விரித்துக் காட்டித் திருப்பி அனுப்புவார். யாருக்கோ தன்மேல் வருத்தம் என்று எண்ணிக்கொண்டானோ என்னவோ, தலையைக் குனிந்துகொண்டே போவான்.

பின்னர் அவனைக் காது கேளாதோர்க்கான உண்டுறை பள்ளி ஒன்றில் சேர்த்தோம். ஓராண்டு கழித்து விடுமுறையில் வந்தான். அவனோடு அதே பள்ளியில் நான்கு வயது முதல் பயிலும் ஒரு சிறுமியும் தன் பெற்றோருடன் வந்திருந்தாள். அவன் கையில் நேற்றும் இருந்தது, நாளையும் இருந்தது. விடுமுறை எத்தனை நாள் என்று எனக்கே சொன்னான். ஆனால் விடுதியில் நடந்த ஏதோ ஒரு நிகழ்ச்சியைச் சொல்லப் புகுந்தவன், யார் யாருக்கு என்ன செய்தார் என்பதை விளக்க முடியாமல் இடையில் நின்றுவிட்டான். அவனைவிட இளையவளான அச்சிறுமி அவன் கையைத் தட்டிவிட்டுத் தானே முழுக்கதையையும் சொன்னாள். அவள் தாய் எங்களுக்குத் தமிழாக்கினாள். பையன் சிரித்துக்கொண்டு நின்றான். ஐந்து ஆண்டு வேறுபாடு என்பது என்ன என்பதை நான் எந்த நூலில் படித்ததைவிடவும் அந்தத் தாழ்வாரத்தில் நன்றாகக் கண்டேன்.

காது கேளாத குழந்தைகளில் மிகப் பெரும்பாலோர் காது கேட்கும் பெற்றோருக்கே பிறக்கின்றனர். ஆகவே குறை இருப்பதே வீட்டாருக்கு நெடுநாள் தெரிவதில்லை. “அவன் அப்பாவும் மூன்று வயதில்தான் பேசினான்” என்று ஒரு பாட்டி சொல்லிவிட்டால் மேலும் ஓராண்டு போய்விடும். பிறந்த ஒரு மாதத்துக்குள் செவிச் சோதனை, மூன்று மாதத்துக்குள் குறையை உறுதிசெய்தல், ஆறு மாதத்துக்குள் உதவியைத் தொடங்குதல் என்பது இன்று மருத்துவர் வகுத்துள்ள வரம்பு. உதவி என்பது செவிக்கருவியாக இருக்கலாம். அறுவை செய்து உட்செவியில் பொருத்தும் கருவியாக இருக்கலாம். எதுவாயினும் அது பொருந்திப் பயன்தரும் வரையில் குழந்தை மொழியின்றிக் காத்திருக்க வேண்டியதில்லை. கைமொழி கற்றால் வாய்ப்பேச்சு வராமற் போகும் என்று அஞ்சுவாருண்டு; அந்த அச்சத்துக்கு நல்ல சான்று கிடையாது. பாளையங்கோட்டையில் 19-ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே ஃபிளாரன்ஸ் ஸ்வெய்ன்சன் அம்மையார் காது கேளாத குழந்தைகளுக்குப் பள்ளி தொடங்கிய தமிழ்நாட்டுக்கு இத்துறை புதிதன்று. இந்தியக் கைமொழிக்கென ஆய்வு மற்றும் பயிற்சி மையம் ஒன்றை நடுவணரசு 2015-இல் புதுதில்லியில் நிறுவியது. அம்மையம் கைமொழி அகராதியும் வெளியிட்டிருக்கிறது. பெற்றோரும் உடன்பிறந்தாரும் குழந்தையோடு சேர்ந்தே கற்கலாம்.

உங்களுள் பலர் வீட்டில் கைக்குழந்தை இருக்கும். தட்டைக் கீழே போட்டால் திரும்பிப் பார்க்கிறது, ஆகவே காது நன்றாகக் கேட்கிறது என்று முடிவு செய்துவிட வேண்டா. தரையின் அதிர்வுக்கும் சுவரில் ஓடும் நிழலுக்கும் திரும்பும் குழந்தைகள் உண்டு. மருத்துவமனையில் செய்யும் முதற்சோதனைக்குச் சில நிமிடங்களே ஆகும், வலி இல்லை. குழந்தை உறங்கிக்கொண்டிருந்தால் இன்னும் எளிது.